பேப்பருக்கு மேலே பூசின செவரு

அருப்புக்கோட்டை
22-1-93

அன்புள்ள மகன் மாதவனுக்கு அம்மா சௌந்தரம் எழுதிக்கொண்டது. எய்யா, சொக்கநாதர் புண்ணியத்துல இங்க எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை, கடையும் ஏதோ ஓடுது. உன் பொண்டாட்டி தங்கச்செல்வியும் பாப்பா ரோஷினியும் பாலவனத்தத்துல அவ அம்மா வீட்டுல இருக்காக. பாப்பாவுக்குக் கீழ ரெண்டு பல்லு வந்திருச்சு, எதைப் பிடிச்சாலும் எந்திரிச்சு நிக்கிறாளாம். நீ போர்ட் பிளேர்ல வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கரண்டு கம்பத்துல ஏறுறப்ப கவனமா இருந்து, சீக்கு நோவு இல்லாம இருக்கணும்னு விளக்குப் பொருத்துறப்ப எல்லாம் கேட்டுக்கிடுறேன். கையெழுத்தைப் பார்த்ததும் நீ திகைச்சிருப்பே. வழக்கமா நான் சொல்லச் சொல்ல தங்கச்செல்விதான் எழுதுவா, என் கோழிக்கிறுக்கலை நீ பார்த்து ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும். இந்தக் கடுதாசியை வேற யாரையும் வச்சு எழுத முடியாது, அதான் மத்தியானம் கடையைச் சாத்திட்டு எட்டாப்புப் படிச்ச படிப்பை நம்பி உட்கார்ந்திருக்கேன். பிழை இருந்தா கூட்டிப் படிச்சுக்கோ.

மாட்டுப்பொங்கல் முடிஞ்ச பெறகு உன் கடுதாசி வந்துச்சு. அதுல நீ எழுதியிருந்தே, அம்மா, தங்கம் வாசப்படியில வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிஞ்சு போச்சுன்னு எழுதியிருந்தா, படியில பாசி பிடிக்க விடாதீங்க, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு விடுங்க, உங்களுக்கும் வயசாகுது, நீங்களும் விழுந்துராதீங்கன்னு. நான் அதைப் படிச்சிட்டு அப்படியே துவரம்பருப்பு மூட்டை மேல உட்கார்ந்திட்டேன். எய்யா, நம்ம ஊர்ல பாசி பிடிக்க அந்தப் படி என்ன கொடுத்து வச்சிருக்கு? குடிக்கிற தண்ணிக்கே லாரிக்குப் பின்னால ஓடுற ஊரு இது. அவ வழுக்கி விழலை. அவ மேல செவரு விழுந்துச்சு. செவருன்னா முழுச்செவரு இல்லை, உங்க ரூம்புல நான் ஆள் வச்சுப் பூசின பூச்சு. அதை அவ உனக்கு எழுதலை. அவ எழுதாததுனால நான் எழுத வேண்டியதிருக்கு. முழுசையும் படி, பாதியில கோவப்பட்டுக் கசக்கிப் போட்டுறாதே.

உன் கல்யாணத்துக்கு வந்த லீவுல மதுரையிலேருந்து நீளமாச் சுருட்டி ஒரு பேப்பர் படம் வாங்கிட்டு வந்தியே, பீஸு பீஸா இருந்ததை உங்க ரூம்பு மேக்குச் செவத்துல ஒட்டுனியே, தரையிலேருந்து உத்தரம் வரைக்கும் கடலும் தென்னை மரமும். மைதா மாவுல மயில்துத்தம் போட்டுப் பசை காச்சித் தந்ததே நான்தான். பக்கத்து வீட்டு மாரிக்கனி ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டா, தங்கச்செல்வி கீழ நின்னு தென்னை மட்டை கோணுது, இன்னும் கொஞ்சம் இடது கைப்பக்கம்னு சொல்லிக்கிட்டிருந்தா. ஒட்டி முடிச்சிட்டு நீ அவகிட்டச் சொன்னே, போர்ட் பிளேரு இப்படித்தான் இருக்கும், குவார்ட்டர்ஸ் கெடைச்சு உன்னைக் கூட்டிட்டுப் போற வரைக்கும் இதைப் பார்த்துக்கிட்டு இருன்னு. நான் அடுப்படியில நின்னு கேட்டேன். கேட்டுச் சிரிச்சேன். ஆனா சிரிப்புக்குள்ள ஒரு முள்ளு இருந்துச்சு, அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்க அப்பா நல்ல மனுசன், ஆனா எனக்குன்னு செவத்துல ஒரு ஆணி அடிச்சுக் குடுத்தது கிடையாது. அது ஒண்ணு. இன்னொண்ணு, இந்தப் புள்ளையும் ஒருநாள் கப்பலேறிப் போயிரும், இந்த வீட்டுல நானும் தராசும்தான் மிச்சம்கிற பயம். நீ போன பெறகு அவ கட்டிலை அந்தச் செவத்தைப் பார்த்தாப்புல போட்டுக்கிட்டா. சாயந்தரம் தலை சீவுறதும் அங்கதான், கீரை ஆயுறதும் அங்கதான். நான் கடையிலேருந்து கூப்பிட்டா வரத்தான் செய்வா, வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கடலைத் தாண்டித்தான் என் குரல் அவ காதுக்குப் போகுதுன்னு எனக்குத் தோணும். உனக்கு எழுதின கடுதாசியில எல்லாம், குவார்ட்டர்ஸுக்கு அவசரப்படாதே, அம்மா தனியா இருக்கேன்ல, இன்னும் ஒரு வருசம் போகட்டும்னு சொல்லியிருந்தேன்ல, அதை யார் கையால எழுத வச்சேன்னு யோசிச்சுப் பாரு. அவ ஒரு எழுத்து விடாம எழுதி, வாசிச்சுக் காட்டி, மடிச்சு ஒட்டுவா. இப்ப நெனச்சா எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கலை.

நீ மறு லீவுக்கு வந்து போன பெறகு, போன கோடையில, அவ பிரசவத்துக்குப் பாலவனத்தம் போயிருந்தப்ப படத்தோட ஓரம் சுருள ஆரம்பிச்சிருச்சு. அதுக்கு முந்தின மழையிலேயே அந்த மேக்குச் செவரு ஓதம் வாங்கியிருந்துச்சு, அடியில மஞ்சக் கறை ஏறிக் கெடந்துச்சு. பேப்பருக்குப் பின்னால பல்லி முட்டை, ராமபாணப் பூச்சி. பச்சப்புள்ளை வந்து படுக்கிற ரூம்பு, சரி பண்ணணும்னு நெனச்சது நெசம்தான், அதுல பொய்யில்லை. இருளாண்டி கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவரு பார்த்திட்டு ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, சுடுதண்ணி விட்டு ஊறப்போட்டுப் பேப்பரை முழுக்க உரிச்சு, பசையைக் கழுவி, செவத்தைக் கொத்திவிட்டு, காயவிட்டு அப்புறம் பூசுறது. அதுக்கு நாள் பிடிக்கும்னாரு. இன்னொண்ணு, பேப்பரை அங்கங்க உளியால கொத்திவிட்டு அது மேலயே பூசிறது, சிமெண்டு கவ்விக்கிடும் அக்கா, நானும் அடுத்த வாரம் மல்லாங்கிணறு வேலைக்குப் போகணும்னாரு. எனக்குத் தெரியாதா எய்யா? நம்ம கடைச் செவத்துல ஒட்டின தேர்தல் நோட்டீசு மேல சுண்ணாம்பு அடிச்சு, அது அப்பளமா உரிஞ்சு விழுறதை வருசா வருசம் பார்க்கிறவ நான். தெரிஞ்சுதான் மேலயே பூசுங்கன்னேன். அவரு கரண்டியை எடுக்கிறதுக்கு முன்னால, படம் நல்லாருக்கே அக்கா, மருமகப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமான்னாரு. என் வீட்டுச் செவத்துக்கு நான் யாரைக் கேட்கணும்னு சொன்னேன். நின்னு பார்த்தேன். தண்ணி மறைஞ்சு, மணல் மறைஞ்சு, தென்னை மரத்துக் கொண்டை மட்டும் மிஞ்சி, அதுவும் மறைஞ்சுச்சு. எனக்கு மனசு லேசா இருந்துச்சு. அதை எழுத எனக்குக் கை கூசுது, ஆனா அன்னைக்கு லேசாத்தான் இருந்துச்சு.

ஆவணியில புள்ளையைத் தூக்கிக்கிட்டு அவுக எல்லாரும் வந்தாக. தங்கச்செல்வி ரூம்புக்குள்ள நுழைஞ்சு செவத்தைப் பார்த்தா. அவ அம்மா சங்கரம்மாள் மதினிதான், ரூம்பு நல்லா வெளிச்சமாயிருச்சே மதினின்னு மெச்சினாக. எல்லாரும் போன பெறகு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அத்தை, படத்தை உரிச்சு எடுத்தாச்சா, உள்ளயே இருக்கான்னு. உள்ளதான் இருக்குன்னேன். தலையை ஆட்டிக்கிட்டா. புரட்டாசியில காலண்டர் மாட்ட ஆணி அடிச்சப்ப அது டொப்பு டொப்புன்னு கேட்டிருக்கு. கடைக்கு வந்து, அத்தை, பூச்சு தனியா செவரு தனியா நிக்கிது, தட்டுனா டப்பா மாதிரி சத்தம் வருது, மழைக்கு முன்னால தட்டி எடுத்திட்டுத் திரும்பப் பூசிருவோம்னு நல்ல விதமாத்தான் சொன்னா. யாவாரத்துக்கு ஆள் நிக்கிது. அத்தனை பேருக்கும் முன்னால நான் சொன்னேன், உன் கடல் போச்சேன்னு என் செவத்தை இடிக்கப் பாக்குறியான்னு. அவ முகம் கன்றிப் போச்சு. அதுக்கப்புறம் அவ செவத்தைப் பத்திப் பேசவே இல்லை. கட்டிலை மட்டும் செவத்தை விட்டுத் தள்ளி நடு ரூம்புல இழுத்துப் போட்டுக்கிட்டா. பீரோக் கதவு திறக்க வழியில்லைன்னு நான் அதைத் திரும்பச் செவத்தோரமாத் தள்ளிவிட்டேன். அவ கெணத்தடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாரிக்கனியைக் கூப்பிட்டு ரெண்டு பேருமாத் தள்ளினோம். அவ வந்து பார்த்தா. திரும்ப இழுக்கலை.

ஐப்பசி கடைசியில பிடிச்ச மழையைப் பத்தி நீ ரேடியோவுல கேட்டிருப்பே. நாலஞ்சு வருசத்து மழை ஒரே மூச்சுல கொட்டுச்சு. திருச்சுழிப் பக்கம் கண்மாய் எல்லாம் உடைஞ்சு ரோடு போயிருச்சு. மழைக்கு ஏங்குற சனம், முதல்ல சந்தோசப்பட்டோம், அப்புறம் பயந்தோம். மேக்குச் செவரு குடிச்சுது குடிச்சுது, குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பூச்சு விழுந்த அன்னைக்குக் காலையில நான் பாப்பாவைத் தூக்கப் போனப்பவே பார்த்தேன், பூச்சு நடுவுல பூரி மாதிரி உப்பி நின்னுச்சு. மழை விட்டதும் இருளாண்டியைக் கூப்பிடணும்னு நெனச்சேன். கட்டிலை இழுத்துப் போடும்மான்னு சொல்ல ஒரு நிமிசம் ஆகாது. சொன்னா அவ சொன்னது சரின்னு ஆயிரும்ல, அதான் வாய் வரலை.

மத்தியானம் ஒரு ஆளுக்குப் பருப்பு நிறுத்துக்கிட்டிருக்கேன், லாரியில மண்ணு லோடு இறக்கினாப்புல உள்ள ஒரு சத்தம். ஓடுனேன். ரூம்பு முழுக்கப் புழுதி, ஒண்ணும் தெரியலை. பாப்பா அழுற சத்தம் கேட்டதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. தங்கச்செல்வி கட்டில்ல ரெண்டு முட்டியையும் முழங்கையையும் ஊனிக் குனிஞ்சு கெடந்தா, அவ வயித்துக்குக் கீழ பாப்பா. அவ முதுகு மேலயும் தோள் மேலயும் பூச்சு பாளம் பாளமா உடைஞ்சு கெடந்துச்சு, ஒவ்வொரு பாளத்துக்கும் பின்னால ஈரப்பேப்பர் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. என்னைப் பார்த்ததும், பாப்பாவை எடுங்க அத்தை, எனக்குக் கையை அசைக்க முடியலைன்னா. பாப்பாவுக்குக் கண்ணுல மண்ணு விழுந்ததைத் தவிர ஒரு கீறல் இல்லை, உன் கொலசாமி மேல சத்தியம். இவளுக்கு இடது பக்கம் காறை எலும்பு முறிஞ்சிருச்சு, காதுக்குப் பின்னால தையல். மாரிக்கனிதான் மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி ஆட்டோ பிடிச்சிட்டு வந்தா. ஆசுபத்திரியில கட்டுப் போடுறப்ப அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா, அம்மான்னு ஒரு தடவை கூடக் கத்தலை. நான் கத்தினேன், வராந்தாவுல நின்னுக்கிட்டு.

சங்கரம்மாள் மதினி அன்னைக்கே ஆசுபத்திரிக்கு வந்துட்டாக. எப்படி மதினி விழுந்துச்சுன்னு கேட்டாக. மழை மதினி, பழைய வீடு, ஓதம் வாங்கிருச்சுன்னு சொன்னேன். அந்தப் பழைய வீட்டுல மத்த எந்தச் செவரும் விழலை. கட்டில்ல கெடந்த தங்கச்செல்வி கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்தா, அப்புறம் மூடிக்கிட்டா. கட்டுப் போட்ட பெறகு அவளையும் பாப்பாவையும் பாலவனத்தத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. எப்படியும் அவ உனக்கு எழுதிருவா, நீ திட்டி எழுதுவே, வாங்கிக்கிடுவோம்னு நான் இருந்தேன். உன் கடுதாசி வர வரைக்கும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். வந்ததுல பாசி, பிளீச்சிங் பவுடர், நீங்களும் விழுந்துராதீங்க. நீ செருப்பால அடிச்ச மாதிரி எழுதியிருந்தாக் கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

அதுக்கு இடையில நடந்ததையும் சொல்லிறேன். மழை விட்டதும் இருளாண்டி வந்தாரு. அவருக்கும் என்னை நிமிர்ந்து பார்க்க முகம் இல்லை. விழுந்த எடத்துல மட்டும் ஒட்டுப் போட்டிருவோம் அக்கா, மத்தது நிக்கிதுல்லன்னாரு. நான் வாருகோல் கட்டையை எடுத்துக் கதவோரம் தொடங்கி மூலை வரைக்கும் தட்டிக் காட்டினேன். கதவுப் பக்கம் ஒரு சாண் தவிர அத்தனையும் பொள்ளல், டப்பாச் சத்தம். எல்லாத்தையும் எடுக்கணும், ஒரு துண்டுப் பேப்பர் உள்ள இருக்கக் கூடாதுன்னேன். பொங்கல் கழிச்சுத்தான் வர முடியும்னாரு. எனக்கு அந்த ரூம்பை அப்படியே வச்சுக்கிட்டுத் தூக்கம் வரலை. நானும் மாரிக்கனியுமா ஆரம்பிச்சோம். தலையில துணியைக் கட்டிக்கிட்டு, உப்பலா நின்ன பூச்சை மேலேருந்து கீழ பார்த்துச் சுத்தியலால தட்டித் தட்டி எறக்கினோம். பூச்சு சுளுவா வந்திருச்சு, அது ஒட்டினாத்தானே. பேப்பர்தான் பாடாப் படுத்திருச்சு. சில எடத்துல பூச்சோட சேர்ந்து வந்துச்சு, சில எடத்துல செவத்தோட செவரா ஒட்டிக்கிட்டு ஒரு நகக்கண்ணு அளவு கூட அசையலை. சாக்கைச் சுடுதண்ணியில முக்கிச் செவத்துல அப்பி வச்சு, அது ஊறினதும் தோசைத் திருப்பியால சுரண்டினோம். அவசரப்பட்டுச் சுரண்டினா மேல் தாள் மட்டும் வரும், அடித்தாள் நின்னுக்கிடும், திரும்பச் சாக்கு, திரும்பத் தண்ணி. பழைய பசை புளிச்ச கஞ்சி வாடை அடிச்சுது. அதையும் தேங்கா நாரால தேய்ச்சுக் கழுவினோம். மாரிக்கனி ஒரு நாள், ஏக்கா, இதுக்கு அன்னைக்கே உரிச்சிருக்கலாமேன்னு சும்மா சொன்னா. நான் அழுத அழுகையில அவ பயந்து போயிட்டா. எனக்கு நகம் எல்லாம் தேஞ்சு கையி வெடிச்சுப் போச்சு. மருந்து போடலை. வலிக்கட்டும்னு இருந்துட்டேன்.

இருளாண்டி வந்து முதல்ல வெளிப்பக்கம் பார்த்தாரு. கைப்பிடிச் செவத்துக்குக் கீழ ஒரு வெடிப்பு, அது வழியாத்தான் தண்ணி எறங்கியிருக்கு. அதை அடைச்சாச்சு. உள்பக்கம் செங்கலும் பழைய சுண்ணாம்பும் தெரிய வெறுஞ்செவரா காஞ்சுக்கிட்டு இருக்கு. நல்லாக் காஞ்ச பெறகுதான் பூசணும்னு விட்டு வச்சிருக்கேன். நீயும் நாளைக்கு ஒரு வீட்டுல குடியேறுவே, அதனால சொல்றேன், ஒட்டுன பேப்பர் மேல எவன் வந்து பூசுறேன்னாலும் விடாதே, எத்தனை நாள் ஆனாலும் உரிச்சிட்டுச் செய்யி.

உன் கடுதாசி வந்த மறுநா காலையில பஸ்ஸேறிப் பாலவனத்தம் போனேன். சங்கரம்மாள் மதினி வாசல்ல மல்லி காயப்போட்டுக்கிட்டிருந்தாக. வாங்க மதினி, உட்காருங்கன்னாக. உட்கார்ந்தா சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதனால நின்னுக்கிட்டே சொன்னேன். பேப்பர் மேல பூசச் சொன்னதும் நான்தான், தங்கம் எச்சரிச்சதும் நெசம், கட்டிலைத் தள்ளுனதும் நான்தான், அன்னைக்கு மழைன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்யின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். மதினி கையில இருந்த சொளகைக் கீழ வச்சாக. புள்ளை தலையில விழுந்திருந்தா என்ன மதினி செஞ்சிருப்பீகன்னு கேட்டாக. சத்தம் போட்டுக் கேட்கலை, மெதுவாத்தான் கேட்டாக. அவுக எந்திரிச்சு உள்ள போயிட்டாக. தங்கச்செல்வி வலது இடுப்புல பாப்பாவை வச்சுக்கிட்டு நெலைப்படியில நின்னா. எல்லாம் அவ காதுல விழுந்துருச்சு. ஏன் தாயி அவனுக்குப் படியில விழுந்ததா எழுதுனே, அப்படின்னு கேட்டேன். அவ சொன்னதை அப்படியே எழுதுறேன். எனக்குக் கோவம் இல்லாம இல்லை அத்தை. படம் போனதைக் கூட விட்டுட்டேன். கட்டிலைத் திரும்ப அங்க தள்ளுனீக பாருங்க, அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது. ஆனா அவுகளுக்கு எழுதினா அவுக அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு உங்களை வையிறதைத் தவிர என்ன செய்ய முடியும்? கம்பத்து மேல ஏறி நிக்கிற மனுசன், அங்க வச்சு இதையே நெனச்சுக்கிட்டு இருந்தா என்னாகும்? அதான் படின்னு எழுதினேன்னா.

தப்பு என் பேர்ல தாயின்னு சொன்னேன். மருமககிட்ட இப்படி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இத்தனை மாசம் ஆயிருச்சு. பரவாயில்லை அத்தைன்னு அவ சொல்லலை. சொல்லியிருந்தா நான் இன்னும் கூனிப் போயிருப்பேன். செவரு காஞ்சதும் பூசிறலாம், வீட்டுக்கு வான்னு கூப்பிட்டேன். அந்த ரூம்புல எனக்குக் கண்ணு மூடாது அத்தைன்னா. அதுக்குள்ள மதினி ஒரு டம்ளர்ல காப்பி கொண்டாந்து என் பக்கத்துல வச்சு, குடிங்க, பஸ்ஸுல வந்திருக்கீகன்னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாக. அந்தக் காப்பியை நின்னுக்கிட்டே குடிச்சேன். குடிச்சிட்டு அவுக ரெண்டு பேருக்கும் முன்னால சொன்னேன், அவ என் வீட்டுக்கு வர வேண்டாம், அவ புருசன் இருக்கிற எடத்துக்குப் போகட்டும், இத்தனை நாள் நான்தான் தடுத்து வச்சிருந்தேன்னு. நீங்க தனியா எப்படி இருப்பீகன்னு மதினி கேட்டாக. கடை இருக்கு, மாரிக்கனி இருக்கா, இருந்துக்கிடுவேன்னேன். தங்கச்செல்வி நெத்தியில விழுந்த முடியை ஒதுக்க இடது கையைத் தூக்கினா, கை தோளுக்கு மேல வரலை, பாதியில நின்னுருச்சு. மதினிதான் ஒதுக்கிவிட்டாக. அப்புறம் அவ சொன்னா, அவுக கூப்பிடணும்ல அத்தைன்னு.

அதைத்தான் எய்யா உன்கிட்டக் கேட்கிறேன். நீயும் ரெண்டு வருசமா, அம்மா தனியா இருப்பான்னு எழுதி எழுதியே நாளைக் கடத்திட்டே. அவ மேலயும் புள்ளை மேலயும் உனக்கு ஆசை இல்லைன்னு இல்லை, ஆனா என்னைச் சாக்கு வச்சுக்கிட்டே. அந்தச் சாக்கு இனிமே உனக்குக் கெடையாது. ஆபீசுல குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போடு, அது வர வரைக்கும் வாடகைக்கு ஒத்தை ரூம்பு ஆனாலும் சரி. மாசி கடைசியில கப்பல் ஏறலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவ தம்பி மெட்ராஸ் வரைக்கும் கூட வாரேன்னான், நானும் வாரேன், ஏத்திவிட்டுட்டுத்தான் திரும்புவேன். அவளுக்கு இடது கையால குடம் தூக்க விடாதே, தண்ணி நீ சுமந்து ஊத்து, அதுல ஒரு கேவலமும் இல்லை. தோளுக்கு வேப்பெண்ணை காச்சித் தேய்ச்சுச் சுடுதண்ணி ஊத்தச் சொல்லு. பாப்பாவுக்குத் தண்ணியை ஆத்தித்தான் குடுக்கணும், புது ஊரு தண்ணி பிள்ளைகளுக்குச் சேராது. பொய் எழுதினியேன்னு அவளை ஒரு வார்த்தை கேட்காதே. அவ இருக்கிற வீட்டுல ஒரு ஆணி அடிக்கிறதா இருந்தாலும் அவளைக் கேட்டுட்டு அடி. என் மேல உனக்கு வர்ற கோவத்தை அடக்கி வைக்காதே, எழுதிரு. நான் பெத்தவதான், தாங்கிக்கிடுவேன். சாப்பாட்டுல மட்டும் காட்டாதே.

உன் அப்பா போட்டோவுக்கு முன்னால வச்சுத்தான் இதை மடிக்கிறேன். நீயும் அவளும் பாப்பாவும் ஒரே கூரைக்குக் கீழ, ஒரு நோவு நொடி இல்லாம, நூறு வருசம் நல்லா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு மறந்துறாதே எய்யா. இதுக்குப் பதிலை எனக்கு எழுதாதே. பாலவனத்தத்துக்கு அவ பேருக்கு எழுது. நீ கூப்பிடுறதை அவதான் முதல்ல படிக்கணும். எனக்குச் சொல்லணும்னு அவளுக்குத் தோணினா அவ சொல்லிக்கிடட்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதையே வேண்டுற அம்மா
சௌந்தரம்